தண்ணி படுக்கிற இடத்தில் நமக்கு வீடா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிலாங்கூரில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயரை இப்போது எழுதுவதற்கில்லை; பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் கித்தா, பிறகு செம்பனை. இன்று பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் செம்பனை மட்டைகளுக்கு மேலே அடுக்குமாடிகளின் தலை தெரிகிறது. நகரம் அவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறது. லயங்களில் நம்மவர் குடும்பங்கள் நாற்பதுக்கும் குறைவு. மற்ற வீடுகளில் வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள்.

தோட்டம் விலையாகிவிட்டது. வாங்கிய நிறுவனத்தின் ஆள் வந்து, வர்ணம் பூசிய பெரிய வரைபடம் ஒன்றைக் கோயில் மண்டபத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதை விரித்து வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேட்டில் மாடி வீடுகள், நடுவில் நீல வர்ணத்தில் ஓர் ஏரி, அதைச் சுற்றி நடைபாதை, கடைத்தொகுதி, பெட்ரோல் நிலையம். வலது பக்க மூலையில், கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு பழுப்புக் கட்டம். அதில் எழுதியிருந்ததை ஓர் இளைஞர் உரக்கப் படித்தார்: மலிவு விலை அடுக்குமாடி வீடுகள், தோட்டத் தொழிலாளர்களுக்கு.

கூட்டத்தில் ஒரு சந்தோஷம். இருக்காதா பின்னே? சொந்த வீடு, சொந்த வீடு என்று எத்தனை ஆண்டு கேட்ட வாய்!

"நல்லாத்தானே இருக்கு அண்ணே, கையெழுத்துப் போட்டுடலாமே" என்றார் அந்த இளைஞர்.

அப்போதுதான் ஒரு பெரியவர் எழுந்து வந்தார். நாற்பது ஆண்டுகள் அதே தோட்டத்தில் கான் வெட்டியவர். கடைசியில் கான் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். "நம்ம கோயில் எங்கே இருக்கு, காட்டு" என்றார். காட்டினார்கள். கோயிலில் விரலை வைத்து, பழைய ஸ்டோர் இருந்த இடம், அல்லூர் திரும்புகிற இடம் என்று தடவிக்கொண்டே போனார். விரல் அந்தப் பழுப்புக் கட்டத்தில் போய் நின்றது.

"இது 10-ஆம் நம்பர் பள்ளக்காடு. இங்கே தண்ணி படுக்கும்" என்றார்.

மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்த இளைஞர்தான் சமாளித்தார். "அதெல்லாம் மண்ணு கொட்டி மேடாக்கிடுவாங்க தாத்தா."

"மண்ணு கொட்டிட்டா தண்ணி எங்கடா போகும்? பக்கத்து வூட்டுக்குத்தான் போகும். பக்கத்து வூட்டுக்காரன் மண்ணு கொட்டினா ஒன்கிட்ட வரும்."

நகரத்து வெள்ளம், நகரத்துப் புகை, நகரத்துக் குப்பை என்றெல்லாம் பத்திரிகையில் வரும்போது, அது ஏதோ டவுன்காரர்கள் பாடு என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறவர்கள் நாம். அந்தப் பெரியவரின் கேள்வி நம்மை விடவில்லை. அதனால்தான் சம்பளம், போனஸ் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த வாரம் தண்ணீரைப் பற்றி எழுதுகிறோம்.

நம் நிரைகளின் மேல் நிற்கும் நகரம்

கோலாலம்பூர் என்ற பெயரிலேயே சேறு இருக்கிறது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கிற சேற்று முனையில், 1857 வாக்கில் ஈயம் தோண்ட வந்தவர்கள் போட்ட குடிசைகள்தான் தொடக்கம். ஆற்றோரத்தில் பிறந்த ஊர் ஆற்றுக்குப் பயந்தே வளர்ந்தது. 1926-இல் பெரிய வெள்ளம். 1971 ஜனவரியில் அதைவிடப் பெயர் போன வெள்ளம். நம் தாத்தா பாட்டிமார் இன்றும் அதை வைத்து வயது கணக்குச் சொல்வார்கள்.

1957-இல் கோலாலம்பூரில் இருந்த மக்கள் 3 லட்சத்துக்குச் சற்று மேல். 2020 கணக்கெடுப்பில் கோலாலம்பூர் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம். சுற்றியுள்ள சிலாங்கூர் மாநிலம் ஏறத்தாழ 70 லட்சம். இத்தனை பேரும் எங்கே போய் உட்கார்ந்தார்கள்? காட்டிலும் ஈயக் குட்டைகளிலும் கொஞ்சம். மற்றதெல்லாம் நம் தோட்டங்களில்.

பெட்டாலிங் ஜெயா 1950-களில் எபிங்ஹாம் தோட்டத்தின் கித்தாக் காட்டில் எழுந்தது. பங்சார் என்ற பெயரே புஞ்சே-கிரிசார் என்ற கித்தாத் தோட்டத்தின் பெயர் தேய்ந்து வந்ததுதான். சுபாங் ஜெயா 1976-இல் சீபீல்டு தோட்டத்தில் தொடங்கியது. 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், சுங்கை ரெங்கம் தோட்டம். 1998-இல் காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம் நிற்பது புக்கிட் ஜாலில் தோட்டத்து மண்ணில். அரசாங்க நிர்வாகம் 1999-இலிருந்து குடிபோன புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரப் படை அதிகாரிகள் 1921-இல் திறந்த தோட்டம் அது. பால்மரம் வெட்டியவர்களுக்கு 'பி.பி. 86' என்ற மரத்தின் பெயர் தெரியும். அந்த 'பி.பி.' பிராங் பெசார்தான். ஊரெல்லாம் நட்ட மரத்துக்குப் பெயர் கொடுத்த தோட்டத்தில் இன்று அந்த மரம் இல்லை.

இதைப் பெருமைக்காகவும் சொல்லவில்லை, அழுவதற்காகவும் சொல்லவில்லை. தோட்டம் நகரமாகும்போது மரம் போகிறது, லயம் போகிறது, பள்ளி இடம் மாறுகிறது. இவற்றை நாம் பேசுகிறோம். அந்த மண்ணில் விழும் மழை என்ன ஆகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர். 200 லிட்டர் பீப்பாயில் பிடித்தால் 500 பீப்பாய்களுக்கும் மேல். ஆயிரம் ஏக்கர் தோட்டம் என்றால் 10 கோடி லிட்டர். தோட்டமாக இருந்தபோது இதில் ஒரு பங்கை இலை பிடித்தது, ஒரு பங்கை மண் குடித்தது, மிச்சம் கானில் இறங்கி அல்லூரில் மெதுவாக நடந்து ஆற்றுக்குப் போனது. அதே இடத்தில் கூரையும் சிமெண்டும் தாரும் போட்டுவிட்டால்? குடிக்க வாய் இல்லை. அவ்வளவும் ஒரே நேரத்தில் ஓட்டமாக ஓடி ஆற்றுக்கு வருகிறது. மழை பழைய மழைதான். அது வந்து சேரும் நேரம் மாறிவிட்டது.

கான் வெட்டியவர்களுக்குத் தெரிந்த வித்தை

தண்ணீரை அடக்கி ஆளுகிற வித்தை நம்மவர் கைகளுக்குத் தெரிந்த வித்தை. புதிதாக மலையைத் திறக்கும்போது குன்றைச் சுற்றிப் படி வெட்டுவார்கள். படி உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் மண் போய்விடும். நிரைக்கு நடுவே குறுக்கே குழி வெட்டுவார்கள்; 'சில்ட் பிட்' என்று கிராணி செக்ரோலில் எழுதுவார். மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் அந்தக் குழியில் விழுந்து, மண்ணை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத் தெளிந்து போகும். குழி நிரம்பியதும் மண்ணை வாரித் திரும்ப மரத்தடியில் போடுவார்கள். தரையில் பியூரேரியா கொடி படர்ந்திருக்கும். பள்ளக்காட்டில் பெரிய கான், சின்னக் கான் என்று பின்னல் போல ஓடும். கானில் புல் அடைத்திருந்தால் கங்காணிக்கு ஏச்சு; மழைக்காலம் வருமுன் கான் சுத்தம் செய்தாக வேண்டும்.

இந்த வித்தை தோட்டத் துரைமாருக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதற்கு முன் அவர்கள் செய்த அட்டூழியத்தையும் சொல்லத்தான் வேண்டும். கித்தா வந்த புதிதில், ஒரு புல் கூட முளைக்கக் கூடாது என்று மலை மலையாகச் செதுக்க வைத்தார்கள். அந்தச் சாங்கூலைப் பிடித்தவர்கள் நம் முன்னோர். மேல்மண் கரைந்து ஆறுகள் தூர்ந்தன. ஈயச் சுரங்கங்களும் சேற்றைக் கொட்டின. சிலாங்கூர் ஆற்றோரத்தில் இருந்த பழைய கோலகுபு ஊரே சுரங்க மண்ணாலும் வெள்ளத்தாலும் மூழ்கி, 1930 வாக்கில் மேட்டில் கோலகுபு பாரு என்று புது ஊர் கட்ட வேண்டியதாயிற்று. ஓர் ஊரைப் பறிகொடுத்த நாட்டில்தான் குழி வெட்டவும் கொடி விடவும் படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நகரமும் இதே பாடத்தைப் பின்னால் படித்திருக்கிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000-ஆம் ஆண்டில் மழைநீருக்கென்று ஒரு கையேடு வெளியிட்டு, 2001 தொடக்கம் நடப்புக்குக் கொண்டுவந்தது. எம்.எஸ்.எம்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். தடித்த புத்தகம். அதன் சாரம் இதுதான்: மழை விழுந்த இடத்திலேயே தண்ணீரைப் பிடித்து வை, குளம் வெட்டி, மெல்ல மெல்ல விடு, வீடு கட்டியதற்கு முன் அந்த நிலத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வெளியேறியதோ, கட்டிய பின்னும் அதற்கு மேல் வெளியேறக் கூடாது. நம் கான் கங்காணி படித்திருந்தால், "இதுக்கா இத்தாம் பெரிய பொஸ்தகம்?" என்று கேட்டிருப்பார். அப்படிப் பார்த்தால் அந்த வரைபடத்தில் கண்ட நீல ஏரி வெறும் அழகுக்கு இல்லை. தண்ணீரைப் பிடித்து வைக்கும் குழி அது. எவ்வளவு பெரிதாக வெட்டுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள், பத்து வருடம் கழித்து அதைத் தூர்த்து வீடு கட்டாமல் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

தண்ணீருக்கு வழி விடாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் நாடே பார்த்தது. ஹைலண்ட் டவர்ஸ் என்ற மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த குன்றில் மரம் அழிந்திருந்தது. ஓர் ஓடையைக் குழாயில் திருப்பி விட்டிருந்தார்கள். கான் வசதி போதவில்லை. பத்து நாள் மழை மண்ணுக்குள் இறங்கியது. அங்கே குடியிருந்தவர்கள் ஏழைகள் அல்லர். தண்ணீர் ஆள் பார்ப்பதில்லை. ஆனால் பள்ளம் பார்க்கும். பள்ளத்தில் யாரைக் குடிவைக்கிறார்கள் என்பதில்தான் ஏழை, பணக்காரன் வருகிறது.

2021 டிசம்பரில் நாம் பார்த்தது

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முதல் நாளிலிருந்து விடாத மழை. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியதாக அதிகாரிகள் சொன்னார்கள். ஷா ஆலத்தில் கிள்ளான் ஆற்றோரம் தாழ்வான இடத்தில் இருக்கிறது தாமான் ஸ்ரீ மூடா. அங்கே தண்ணீர் முதல் மாடியைத் தொட்டது. மக்கள் கூரை மேல் ஏறி இரண்டு இரவுகள் காத்துக்கிடந்தார்கள். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புள்ளிவிவர இலாகா சொன்ன நட்டம் 610 கோடி வெள்ளி.

தண்ணீர் வடிந்த பிறகு நாமும் சங்கத்துத் தோழர்கள் சிலருமாக அரிசி, பால்மாவு, துணிமணி ஏற்றிக்கொண்டு ஒரு லோரியில் போனோம். தெருவெல்லாம் மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், சாமிப் படம். எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் சேறு. அந்தச் சேற்றின் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்து தாலிக்கொடி வைத்திருந்த டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். "எந்த ஊரம்மா நீங்க?" என்று கேட்டோம். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். இப்போது அந்தப் பெயரில் நெடுஞ்சாலையின் வழிகாட்டிப் பலகைதான் இருக்கிறது. அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்தும் எதிர் வீட்டிலிருந்தும் வந்தார்கள். மூன்று பேருக்கு மூன்று தோட்டம். வேறு வேறு கித்தாக் காட்டிலிருந்து வந்தவர்கள் ஒரே பள்ளத்தில்!

கோலாலம்பூர் நடுநகரத்துக்கு ஒரு காவல் உண்டு. 'ஸ்மார்ட்' சுரங்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007-இல் திறந்தது, 9.7 கிலோமீட்டர் நீளம். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும், வெள்ளம் வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். 30 லட்சம் கன மீட்டர், அதாவது 300 கோடி லிட்டர் பிடிக்குமாம். கட்டிய பொறியாளர்களின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற வேலை. ஆனால் நம் பழைய கணக்கை எடுங்கள். 100 மில்லிமீட்டர் மழை, அதாவது நான்கு அங்குலம், அத்தனையும் ஓட்டமாக ஓடினால், 7,400 ஏக்கர் நிலம் போதும் அந்தச் சுரங்கத்தை நிரப்ப. ஏழு தோட்டம், எட்டுத் தோட்டம்! கிள்ளான் பள்ளத்தாக்கில் இதுவரை எத்தனை தோட்டங்கள் சிமெண்ட் ஆகியிருக்கின்றன என்று நீங்களே விரல் விட்டு எண்ணுங்கள். சுரங்கம் காப்பது கோலாலம்பூரின் நெஞ்சை. ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கும் ஷா ஆலத்துக்கும் கிள்ளானுக்கும் அப்படி ஒரு காவல் அன்று இல்லை.

குழாயும் குப்பையும் புகையும்

வெள்ளம் ஒரு பக்கம் என்றால், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளும் இதே ஊரில்தான். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் சுங்கை கோங் என்ற சின்ன ஆற்றில் ஒரு தொழிற்கூடத்தின் கழிவு கலந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. சின்ன அல்லூர்தானே என்று ஒருவன் ஊற்றியது, கொவிட் காலத்தில் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் பல லட்சம் பேரை வாளி தூக்க வைத்தது. பத்தாவது மாடி வரை, லிஃப்ட் ஓடாத அடுக்குமாடியில், வாளி தூக்கிய அக்காமார்களைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள்.

சட்டம் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1970-களில் நாட்டின் ஆறுகளை மிக அதிகமாகக் கெடுத்தது செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவு. ஆலை இருக்கும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறுப்பு அல்லூரும் செத்து மிதக்கும் விராலும் ஞாபகம் இருக்கும். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் ஆலைகளுக்கென்று தனி விதி. கழிவின் கேட்டை அளக்கும் அளவை 1978-இல் 5,000 என்று வைத்து, ஆண்டுதோறும் இறக்கி, 1984-இல் 100 ஆக்கினார்கள். தொழில் படுத்துவிடும் என்று முதலாளிமார் புலம்பினார்கள். படுக்கவில்லை. கழிவுக்குக் குளம் வெட்டினார்கள், உரமாக்கினார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு நம் தோட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

நகரத்துக் குப்பைக்கும் நம் பக்கம்தான் வழி தெரியும். கோலாலம்பூரின் குப்பை லோரி லோரியாக வடக்கே, உலு சிலாங்கூரில் செம்பனைக் காடுகளுக்கு நடுவே இருக்கும் புக்கிட் தாகார் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. கிடங்கு முறையாகக் கட்டியதுதான்; பழைய திறந்தவெளிக் குப்பைமேட்டுக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் நகரம் எறிவதை வைக்க இடம் தேடும்போது, கண் ஏன் எப்போதும் தோட்டத்துப் பக்கமே திரும்புகிறது?

புகைமூட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1997, 2005, 2013, 2015, 2019 என்று அது நம் நெஞ்சிலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று வானொலியில் சொன்னார்கள். குலை வெட்டுகிறவன் வீட்டுக்குள் இருந்து எப்படிக் குலை வெட்டுவது? புகை அளவு 200-ஐத் தாண்டினால் வெளிக்காட்டு வேலைக்கு என்ன ஏற்பாடு, அன்றைய கூலி யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தப் பேச்சில் கேட்க வேண்டும் என்று நாம் பலமுறை சொல்லி வருகிறோம். அதைத் தனியாக ஒரு வாரம் எழுதுவோம்.

இரண்டு வருடம் என்று சொன்னது

நம் கதையையும் கொஞ்சம் சொன்னால்தான் நியாயம். நாம் பிறந்ததும் தமிழ்ப்பள்ளியில் படித்ததும் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1990-களின் நடுவில் அது விலையானது. அப்பாவுக்கு நட்டஈடாகக் கிடைத்த பணத்தில் அக்காவின் கல்யாணம் முடிந்தது. குடும்பங்களை எல்லாம் பலகையில் கட்டிய நீண்ட வீட்டில் வைத்தார்கள். "ரெண்டே வருஷம், அப்புறம் புது வீடு" என்றார் வந்த அதிகாரி. அந்த இரண்டு வருடம் பதினொரு வருடம் ஆனது. நீண்ட வீடு இருந்த இடமோ பழைய கான் ஒன்றைத் தூர்த்த இடம். மழை பெய்தால் அம்மா முதலில் அரிசி டின்னைக் கட்டில் மேல் வைப்பார், அடுத்து நம் பள்ளிப் பையை. பாம்பு வந்த நாளும் உண்டு. அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்: "கானை மூடுனவன் யாருன்னு கேளு." யாரிடம் போய்க் கேட்பது? அன்று சங்கத்திலிருந்து வந்த தோழர்களும் நட்டஈட்டுக் கணக்கைப் பார்த்தார்களே தவிர, நிலத்தின் மட்டத்தைப் பார்க்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. இன்று அந்த இடத்தில் நாம் இருக்கிறோம், அந்தத் தவறை நாமும் செய்யவிருந்தோம். அந்தக் கான் கங்காணி எழுந்து வராவிட்டால், அன்று மாலையே கையெழுத்து வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பியிருப்போம்.

வரைபடத்தில் ஒரு பென்சில் கோடு

கூட்டம் இரவு பத்து மணி வரை நடந்தது. சிலர் பயந்தார்கள். அதிகம் கேட்டால் கொடுக்கிற வீடும் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது. வாடகைக்குப் போனால் மாதம் எவ்வளவு ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓர் அக்கா மட்டும், "வீடு தர்றாங்கன்னா மேட்டுல தரட்டும்ணே. மேட்டுல ஒரு மூலை போதும். நாங்க ஏரியையா கேட்டோம்?" என்றார். அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை.

பெரியவர் ஒரு பென்சில் வாங்கி, அல்லூர் முன்பு ஓடிய வழி, பெரிய கான் சேரும் இடம், 2021-இல் தண்ணீர் நின்ற எல்லை ஆகியவற்றை வரைபடத்தின் மேல் கோடாகப் போட்டார். அந்த இளைஞர் அதைக் கைபேசியில் படம் எடுத்து, வேறு தாளில் சுத்தமாக வரைந்து கொடுத்தார். அதை இணைத்து மனு எழுதினோம். வீட்டுத் தொகுதியை மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டும். வெள்ளக்குளத்தை முதலில் வெட்டி முடித்த பிறகுதான் மற்ற வேலை. குளத்தை யார் பராமரிப்பது என்பதை எழுத்தில் தர வேண்டும். பழைய லயத்தை உடைக்குமுன் புது வீட்டுச் சாவி கையில் வர வேண்டும், நீண்ட வீட்டுக்குப் போகமாட்டோம். இவ்வளவுதான் கேட்டது.

ஒரு விவரம் மற்றத் தோட்டத்தாருக்கும் பயன்படும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி (172-ஆம் எண் சட்டம்), உள்ளூர்த் திட்டம் தீட்டும்போது அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். நகராண்மைக் கழக அலுவலகத்தில் அந்த வரைபடம் தொங்கிக்கொண்டிருக்கும். போய்ப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வீடு கட்டி விற்கிறவர்கள்தான். லீவு எடுத்துப் போங்கள். வரைபடம் புரியாவிட்டால் கான் வெட்டியவர் யாராவது உயிரோடு இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் போனபின் அந்த விவரம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

மனுவை நகராண்மைக் கழகத்திலும் மாவட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகாவிலும் நேரில் கொடுத்தோம். முகப்பில் இருந்த பெண்பிள்ளை மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். திரும்பி வந்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பு குத்தினாங்களா?" நகலில் குத்திய சாப்பைக் காட்டினோம். தேதியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

போன செவ்வாய்க்கிழமை இரவு அந்தப் பக்கம் நல்ல மழை. விடிகாலையில் அந்த இளைஞரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 10-ஆம் நம்பர் பள்ளக்காட்டில் பெரியவர் அடித்து வைத்த முளைக்குச்சி. அடிக்கு ஒரு வெட்டாக அதில் குறி போட்டிருக்கிறார். தண்ணீர் இரண்டாவது வெட்டைத் தாண்டி நிற்கிறது. பக்கத்தில் முழங்கால் வரை நனைந்து, குடையைப் பிடித்துக்கொண்டு பெரியவர். அந்தப் படத்தையும் அச்சடித்து மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம். விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.